இடப்பக்கம், மூன்றாம் வினாடி, செங்காவி

சென்ற மாதம் ஒருநாள் விடிவதற்குச் சற்று முன்பு கீழ்வீட்டு முத்துமாரி வந்து கதவைத் தட்டினாள். பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பியவள், கூடையை வாசலிலேயே போட்டுவிட்டு மாடியேறி வந்திருக்கிறாள்.

"யக்கா, வானத்துல என்னமோ வந்திருக்கு. செத்த வெளிய வாங்க. அம்புட்டுப் பெருசா இருக்கு."

மொட்டைமாடிக்குப் போனேன். வடகிழக்கே, அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒளியும் புகையுமாக ஒன்று விரிந்துகொண்டிருந்தது. தலைப்பக்கம் ஒரு சிறு புள்ளி. அதன் பின்னால் விசிறி மாதிரி அகன்ற வால். எங்கள் தெருவில் எல்லா மாடியிலும் ஆள் நின்றார்கள். இரண்டு வீடு தள்ளி ஒரு அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அது ராக்கெட் புகை. பயப்படாதே" என்றேன்.

"இம்புட்டுத் தொலைவுக்கா தெரியும்?"

தெரியும். நமக்கு இன்னும் பொழுது விடியவில்லை. ஆனால் அந்தப் புகை இருக்கும் உயரத்துக்கு வெயில் வந்துவிட்டது. கீழே இருட்டு, மேலே வெளிச்சம், அதனால் தெரிகிறது. அங்கே காற்று மிகவும் குறைவு. தரையில் காற்று நாலாபக்கமும் அழுத்திப் பிடித்திருப்பதால் ராக்கெட்டின் நெருப்பு ஒல்லியாக நீளமாக வரும். மேலே போகப்போகப் பிடிப்பவர் யாரும் இல்லை, அது தன் இஷ்டத்துக்குப் பரந்துவிடும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் முத்துமாரி வீடியோ எடுக்கத் தொடங்கிவிட்டாள்.

"என்னா நீலம் பாருங்கக்கா" என்றாள்.

நான் பார்த்தேன். எனக்கு அது நீலமாகத் தெரியவில்லை. மஞ்சள் தட்டிய வெள்ளையாகத் தெரிந்தது. பழைய வேட்டியின் நிறம். அவளுடைய செல்போனை வாங்கிப் பார்த்தேன், அதிலும் அதே வேட்டிதான். பக்கத்து மாடிக்காரர்களும் நீலம் என்றார்கள். கும்பிட்ட அம்மாளும் நீலம் என்றார். நான் ஒருத்தி மட்டும் மஞ்சள். வீட்டுக்குள் வந்து, பழக்கதோஷத்தில் தினசரி காலண்டரின் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் நேரம், திசை, நிறம் எழுதி வைத்தேன். மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை என்றார் டாக்டர். வருகிற வாரம் அறுவை சிகிச்சை.

இது நடந்த இரண்டாம் நாள் ஜெயந்தி போன் செய்தாள். நான் ஓய்வு பெறும்வரை ஏவுதளத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவள், இப்போது அந்தப் பிரிவுக்கே தலைவி. ராக்கெட் கிளம்புவதை மனிதர்கள் கண்ணால் பார்த்து எழுதும் பதிவை இந்த வருஷத்தோடு நிறுத்துகிறார்களாம். இனி எல்லாம் கேமராவும் கணினியும்தான். அலுவலக மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றாள்.

"ராக்கெட் நெருப்பு எப்படி எப்படியெல்லாம் இருக்கும்னு எழுதுங்கக்கா. சுவாரசியமா இருக்கணும். கேமராவுக்குப் புரை விழாது, அதனால மாத்துறோம்னும் ஒரு வரி சேத்துக்கங்க."

சேர்த்துவிட்டேன். கேமராவுக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் ஊர் சின்னாளபட்டி. அப்பா சேலை நூலுக்குச் சாயம் போடுகிறவர். எங்கள் வீட்டில் யாருடைய கையும் ஒரே நிறத்தில் ஒரு வாரம் இருந்ததில்லை. நான் இயற்பியல் படித்தேன், விண்ணப்பம் போட்டேன், கிழக்குக் கடற்கரையில் இருக்கும் ஏவுதளத்தில் தொழில்நுட்ப உதவியாளராக வேலை கிடைத்தது. முதல் இரண்டு வருஷம் பிலிம் கழுவினேன். மூன்றாம் வருஷம் பிலிம் கழுவுகிறவர்களை மேற்பார்வை பார்த்தேன். நான்காம் வருஷம் வேலுச்சாமி சாரிடம் அனுப்பினார்கள்.

வேலுச்சாமி சார் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். தெலுங்கு பேசும் கரையில் எங்கள் மாவட்டத்து ஆள் ஒருவர் இருக்கிறார் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு போனேன். நானும் திண்டுக்கல் மாவட்டம்தான் என்று சொன்னதற்கு அவர், "நல்லதுங்க. கண்ணாடி போடுவீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அதுவும் நல்லதுங்க" என்றார். அந்த வருஷம் முழுக்க அவர் என் சொந்த விஷயமாகக் கேட்டது அந்த ஒரு கேள்விதான்.

யாரையும் அவர் ஒருமையில் அழைத்து நான் கேட்டதில்லை. திட்டும்போதும் மரியாதை குறையாது. "ஏனுங்க அம்மணி, மூளையை வீட்ல வெச்சுட்டு வந்துட்டீங்களா?" என்பார். கேட்கிறவருக்கு அது திட்டு என்று உறைக்கவே கொஞ்ச நேரம் பிடிக்கும்.

எங்கள் வேலை இதுதான். ஏவுமேடைக்கு இரண்டு பக்கமும் தள்ளித்தள்ளி கான்கிரீட் அறைகள் இருந்தன. சுவரில் தடித்த கண்ணாடி பதித்திருக்கும். ஒவ்வோர் அறையிலும் இரண்டு பேர், இரண்டு பைனாகுலர். இடப்பக்க அறை எங்களுடையது. ராக்கெட் கிளம்பும்போது அதன் அடியில் வருகிற நெருப்பு, புகை இரண்டையும் பார்த்து, எந்த வினாடியில் எந்த இடத்தில் என்ன நிறம் என்று எழுத வேண்டும். டி.வி.யில் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே நெருப்பு. அப்படி இல்லை.

திட எரிபொருள் எரிந்தால் கண் கூசும் மஞ்சள் வெள்ளை நெருப்பும் அடர்ந்த வெள்ளைப் புகையும் வரும். அந்த எரிபொருளில் அலுமினியத் தூள் கலந்திருக்கிறது. அது எரிந்து வெள்ளைப் பொடியாகி, பழுக்கக் காய்ந்து ஒளிவிட்டபடி வெளியே வருகிறது. புகையில் அமில ஆவியும் உண்டு, அதனால் அதன் பக்கத்தில் போய் நின்று போட்டோ எடுக்க முடியாது. திரவ எரிபொருள் இயந்திரங்கள் அடக்கமானவை. நன்றாக எரிந்தால் புகையே தெரியாது, ஆரஞ்சு கலந்த மெல்லிய நெருப்பு மட்டும் ஆடாமல் நிற்கும், அதற்குள் அடுத்தடுத்துக் கண்ணாடிச் சில்லு மாதிரி வெளிச்சக் கட்டங்கள் தெரியும். வெளியே வரும் வேகம் ஒலியைவிட அதிகம் என்பதால் அதற்குள் உண்டாகும் அதிர்வலைகள் அவை. ஹைட்ரஜன் எரிந்தால் வெளிர் நீலம். பகலில் அது கண்ணுக்கே அகப்படாது. கிளம்பும்போது பொங்கிவரும் வெண்மேகத்தில் பாதிக்குமேல் வெறும் நீராவி. மேடை உருகிவிடாமல் இருக்கத் தண்ணீரைக் கொட்டுவார்கள்.

இந்த வரிசையில் ஒரு நிறத்தை மட்டும் யாருக்கும் பிடிக்காது. செங்காவி. திரவ இயந்திரத்தில் எரிபொருளை எரிய வைப்பதற்கென்று இன்னொரு திரவம் வேறு தொட்டியில் இருக்கும். அது எரியாமல் வெளியே வந்தால் செங்கல் பொடியைத் தூவினது போல ஆவி கிளம்பும். கொடிய விஷம். மூட்டிய முதல் வினாடியில் அது கொஞ்சம் வருவது வழக்கம், ஏனென்றால் அந்தத் திரவம் ஒரு நொடி முன்னால் வந்துவிடும். அதற்குப் பிறகு வந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம்.

எங்கள் ராக்கெட்டில் நடுவில் திட எரிபொருள், சுற்றிலும் நான்கு திரவ இயந்திரங்கள். திரவ இயந்திரங்களை முதலில் மூட்டுவார்கள். அவை ஒழுங்காக எரிகின்றன என்று தெரிந்த பிறகு, நாலைந்து வினாடி கழித்து நடுவில் இருப்பதை மூட்டுவார்கள். அதை மூட்டிவிட்டால் அணைக்க முடியாது. அதன் வெள்ளைப் புகை எல்லாவற்றையும் மூடிவிடும், அப்புறம் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆக எங்கள் உத்தியோகம் மொத்தமும் அந்த நாலைந்து வினாடிதான். சத்தம் எங்கள் அறைக்கு வந்துசேர ஏழெட்டு வினாடி ஆகும். நாங்கள் பார்க்க வேண்டியதெல்லாம் சத்தமே இல்லாமல் முடிந்துவிடும்.

சார் வைத்திருந்த விதிகள் சுவரில் ஒட்டப்படவில்லை, ஆனால் மீறியவர்களும் இல்லை. கடைசிப் பத்து நிமிஷம் பேசக் கூடாது. பார்த்து முடித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. அவரவர் மேஜைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் கிடையாது. எழுதிய தாளை நான்காக மடித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட வேண்டும். டின்னுக்கு சார் பற்றவைத்துக் கொக்கி போட்டிருந்தார். அதற்கு ஒரு திண்டுக்கல் பூட்டு. பூட்டு டின்னைவிடக் கனம். டின் பூட்டிய பிறகுதான் வாயைத் திறக்கலாம். அப்போதும் அவர் திறக்கும் வாய், "மோர் குடிக்கிறீங்களா?" என்பதற்குத்தான்.

என் முதல் பதிவில் 'பிரம்மாண்டமான தீப்பிழம்பு, மிக அழகு' என்று எழுதியிருந்தேன். சார் அதை இரண்டு முறை படித்தார்.

"அழகை எதால அளந்தீங்க?"

"சும்மா எழுதினேன் சார்."

"சும்மா எழுதறதுக்கு வீட்ல காகிதம் இருக்குதுங்களே."

நிறத்துக்கு எண் போட்ட ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். கடல் காற்றில் அது வெளுத்துப்போயிருந்தது. பதினாலாம் எண்ணும் பதினாறாம் எண்ணும் ஒன்றாகிவிட்டன என்று நான் சொன்னபோது சார் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆமாங்க" என்றார். அடுத்த லீவில் அப்பாவிடம் சாய நூல் கேட்டு வாங்கி வந்தேன். மாம்பழ மஞ்சள், எலுமிச்சை மஞ்சள், செங்காவி, அரக்கு என்று சிறு சிறு கட்டாக ஒரு பலகையில் எண் போட்டு வரிசையாகக் கட்டி மாட்டினோம். வருஷம் ஒருமுறை புது நூல். தேசத்தின் ராக்கெட் நெருப்பை சின்னாளபட்டி சேலை நூலோடு ஒத்துப் பார்க்கிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். "கஞ்சி போட்ட நூலா, போடாததா?" என்று கேட்டார். போடாதது என்றேன். திருப்தியானார்.

இப்படிப் பத்து வருஷம் ஓடியது. எங்கள் இரண்டு தாள்களும் பெரும்பாலும் ஒத்துப்போகும். சாரின் கண்ணுக்கு அங்கே தனி மரியாதை இருந்தது. வேலுச்சாமி வெள்ளை என்றால் வெள்ளைதான் என்று மேலதிகாரிகளே சொல்வார்கள்.

அப்புறம் ஒரு ராக்கெட் மாலையில் கிளம்பியது. முதல் வினாடியில் வழக்கமான செங்காவி வந்து போனது. இரண்டாம் வினாடி சுத்தம். மூன்றாம் வினாடியில் இடப்பக்க இயந்திரத்தின் அடியிலிருந்து மெல்லிய செங்காவி ஒன்று எட்டிப் பார்த்தது. கண்ணை இமைப்பதற்குள் போய்விட்டது. பிறகு நடு எரிபொருள் பற்றி வெள்ளை மூடிக்கொண்டது. ராக்கெட் மேலே போனது, சத்தம் வந்தது, அறை அதிர்ந்தது. நான் முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதினேன்: இடப்பக்கம், மூன்றாம் வினாடி, செங்காவி, நூல் எண் ஒன்பதைவிட வெளிர். மடித்து டின்னில் போட்டேன். மோர் குடித்தோம்.

ராக்கெட் வெற்றி. அன்றைக்கே எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

நான்காம் நாள் ஆய்வுக் கூட்டம். டின்னைத் திறந்து படித்தார்கள். சாரின் தாளில், 'முதல் வினாடிக்குப் பின் மாற்றம் இல்லை' என்று இருந்தது. அந்தப் பக்கத்துக் கேமராவில் பிலிம் சிக்கிப் படம் பதியவில்லை. கருவிகள் காட்டிய அழுத்தமெல்லாம் எல்லைக்குள் இருந்தது. ஆகவே அந்த அறையில் என் தாளும் சாரின் தாளும் மட்டும் எதிரெதிரே நின்றன. எங்கள் பிரிவின் தலைவர் நல்ல மனிதர், மிகவும் இதமாகத்தான் கேட்டார்.

"ராஜேஸ்வரி, சாயங்கால வெயில் பட்டு அப்படித் தெரிஞ்சிருக்கலாம் இல்லையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சார் மட்டும் மேஜையைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

"தெரிஞ்சிருக்கலாம் சார். உறுதியா சொல்ல முடியலை."

குறிப்பில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். உட்கார்ந்த பிறகு எனக்குக் காது இரண்டும் சுட்டது. வெயில் எங்கள் முதுகுப்பக்கம் இருந்தது, கண்ணில் அடிக்கவில்லை. வெயிலில் செங்காவி எப்படி இருக்கும், செங்காவியில் வெயில் எப்படி இருக்கும் என்பது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். உறுதியாகத் தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

வராந்தாவில் சார் நிறுத்தினார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க பாத்தீங்களா, இல்லீங்களா?"

"நீங்க மாற்றம் இல்லைன்னு எழுதியிருந்தீங்களே சார்."

"நான் என்ன எழுதினேன்னு கேக்கலீங்க."

"பாத்தேன் சார்."

"அப்புறம் ஏன் மாத்திச் சொன்னீங்க?"

 பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. "ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்றதுக்கு ரெண்டு பேர் எதுக்குங்க? ஒருத்தருக்குச் சம்பளம் மிச்சம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அவரும் தன் கண்ணைச் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட அதுவரை காரணம் இருந்ததில்லை.

அதே வகை இயந்திரங்களோடு அடுத்த ராக்கெட் ஆறு மாதத்தில் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தது. நான் பார்த்தது நிஜமென்றால், அந்த இயந்திரங்களில் எங்கோ ஒரு கசிவுக்கு வழி இருக்கிறது. ஒருமுறை இமைக்கும் நேரம் கசிந்தது, அடுத்த முறை எவ்வளவு நேரம் கசியும் என்று யாருக்கும் தெரியாது. வெடித்தால் கோபுர உயர ராக்கெட்டும் போகும், மேடையும் போகும். 

இதற்கு நடுவில் சார் முதல்முறையாகச் சொந்த விஷயம் ஒன்று பேசினார். மகளுக்கு நிச்சயதார்த்தம். நான் ஊருக்குப் போனால் சின்னாளபட்டியில் ஒரு சேலை எடுத்து வர வேண்டும். "நல்ல அடர் நீலமுங்க. கருப்பு ஒரு இழைகூட வேண்டாம், விசேஷத்துக்கு ஆகாது" என்றார். அப்பாவே நின்று தேடி எடுத்துக் கொடுத்தார். கொண்டுவந்து கொடுத்ததும் சார் பிரித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"கருப்பு வேண்டாம்னு சொல்லியிருந்தேனுங்களே."

"நீலம்தான் சார் இது."

அவர் என்னைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார். "சரிங்க" என்று மடித்து வைத்துக்கொண்டார். கோபத்தை அவர் அவ்வளவுதான் காட்டுவார்.

அன்று மாலை எஸ்.டி.டி. பூத்தில் நின்று அப்பாவிடம் சொன்னேன். சேலையைக் குறை சொல்கிறார்களே என்று அவர் கொதிப்பார் என எதிர்பார்த்தேன். 

"அவுகளுக்கு என்ன வயசு தாயி?"

"அம்பத்தேழு இருக்கும்."

"கண்ணுல புரை விழுந்திருக்கும். நம்ம பெரியசாமி மாமா இருந்தாகள்ல, கடைசில அவுகளும் இப்படித்தான். நீலத்தைப் பாத்துக் கருப்பும்பாக. வெள்ளை நூலுல பழுப்புக் கறை பட்டிருந்தா அவுக கண்ணுக்குத் தட்டாது. எல்லாமே ஒரே பழுப்பாத் தெரியும். அது அவுகளுக்கே தெரியாது, கொஞ்சங்கொஞ்சமா வர்றதுல்ல. நாங்கதான் சாயப் பட்டறையில, வேலை போதும்னு கையப் புடிச்சு உக்கார வச்சோம்."

போனை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். பூத்காரர் மறுபடி பேச வேண்டுமா என்று கேட்டார். யாரிடம் பேசுவது என்றுதான் எனக்கும் தெரியவில்லை. நேராகத் தலைவரிடம் போய் வேலுச்சாமி சாருக்குக் கண் தெரியவில்லை என்று சொல்வது எளிது. ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கும் மனிதரை, அவர் முதுகுக்குப் பின்னால் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேரில் சொல்லவும் பயமாக இருந்தது.

மறுநாள் ஒரு வெள்ளைத் துண்டை எடுத்தேன். பாதியைப் பால் விடாத தேநீரில் முக்கி எடுத்துக் காயவைத்தேன். செங்காவியைவிட வெளிர்தான், ஆனால் கண் நன்றாக இருக்கிற யாருக்கும் தெரியும். அதை எங்கள் அறைக்கு எதிரே வேலிக் கம்பத்தில் விரித்துக் கட்டிவிட்டு உள்ளே போனேன். அன்று ஏவுதலும் இல்லை, ஒத்திகையும் இல்லை.

"சார், ஒரு பதிவு போடணும்."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பைனாகுலரை எடுத்தார், அதன் கண்ணாடிகளைப் பழைய வேட்டித் துணியால் துடைத்தார். நானும் என்னுடையதை எடுத்தேன். இரண்டு பேரும் பேசாமல் பார்த்தோம். அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதினோம். நான்காக மடித்தோம். டின்னில் போட்டுப் பூட்டினார். மோர் பற்றிப் பேச்செடுக்கவில்லை. பூட்டைத் திறந்து இரண்டு தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

அவருடையது: 'துண்டு ஒன்று. முழுவதும் ஒரே நிறம். வெண்மை.'

என்னுடையது: 'துண்டு ஒன்று. இடப்பாதி வெண்மை. வலப்பாதி தேயிலைச் சாயம்.'

அவர் இரண்டையும் படித்தார். திரும்பவும் படித்தார்.

"இதுல எதுங்க சரி?"

"நான் எழுதினது சரி சார்."

 அவர் எழுந்து வெளியே நடந்தார். நானும் பின்னால் போனேன். கம்பத்திலிருந்து துண்டை அவிழ்த்து, கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திருப்பிப் பிடித்து வெயிலில் பார்த்தார். கடைசியில் மூக்கில் வைத்து முகர்ந்தார். முதலில் ஒரு பாதி, அப்புறம் மறுபாதி.

"டீங்களா?"

"டீதான் சார்."

"பால் இல்லாமங்களா?"

"பால் இல்லாம."

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். அறைக்குத் திரும்பும்போது, "அந்தச் சேலை நீலம்தானுங்களே?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லதுங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்காத மாதிரி முன்னால் நடந்தார்.

மேஜையில் உட்கார்ந்து தலைவருக்குக் கடிதம் எழுதினார். எழுதத் தொடங்கும் முன் இரண்டு பேனாவை எடுத்து நீட்டி, "இதுல எதுங்க நீலம்?" என்று கேட்டார். காட்டினேன். நான்கு வரிக் கடிதம். முக்கால் மணி நேரம் ஆனது. 'பார்த்தவரின் கண்ணில் குறை உள்ளது. சென்ற ஏவுதலில் முதன்மைப் பார்வையாளர் அளித்த பதிவை ஏற்க வேண்டாம். இரண்டாம் பார்வையாளரின் பதிவை மட்டும் கொள்ளவும். இயந்திரங்களைப் பிரித்துப் பார்க்கக் கோருகிறேன்.' கீழே கையெழுத்து. அவரே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார்.

அவர் கோரிக்கை என்பதால் பிரித்தார்கள். அடுத்த ராக்கெட்டுக்கு வைத்திருந்த நான்கு இயந்திரங்களில் இரண்டில், தொட்டிக் குழாய் மூட்டுக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தில் நகத்தால் கீறினது போல வெடிப்பு இருந்தது. அந்தத் தொகுதி வளையங்கள் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு போட்டார்கள். போடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த ராக்கெட் ஒழுங்காகப் போனது. நான் இடப்பக்க அறையில் இன்னொருவரோடு உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாம் வினாடி சுத்தமாக இருந்தது. அதற்கும் லட்டு கொடுத்தார்கள்.

சார் கண் அறுவை செய்துகொண்டார். ஆனால் பைனாகுலரை அதன்பின் தொடவில்லை. கடைசி வருஷத்தைக் கோப்பு அறையில் கழித்தார். கட்டு அவிழ்த்து வந்த அன்று எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "எல்லாம் நீலமா இருக்குதுங்க அம்மணி. கொஞ்சம் அதிகப்படியாத்தான் இருக்குது" என்றார். ஓய்வுக்குப் பிறகு ஒட்டன்சத்திரத்தில் முருங்கை வைத்தார். இப்போது அவர் இல்லை.

ஜெயந்தி கேட்ட கட்டுரை ஏறக்குறைய இவ்வளவுதான். இனி அவள் கேட்காதது.

அந்த ஆய்வுக் கூட்டத்தின் குறிப்பு இன்னும் கோப்பில் இருக்கும். 'இரண்டாம் பார்வையாளர் உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்றார்' என்று அதில் இருக்கும். சாரின் கடிதம் வந்து, வளையங்களை மாற்றிய பிறகு அதைத் திருத்த வேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குக் கூர்மையான கண் என்று பாராட்டினார்கள், அதை வாங்கிக்கொண்டேன். பிறகு இருபது வருஷத்துக்கும் மேல் அதே அறையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு அடித்தல் திருத்தல் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேமராவின் இன்னொரு நல்ல குணத்தைச் சொல்கிறேன் என்றேன். அது பார்த்துவிட்டு, கூட்டத்தில் எழுந்து நின்று பார்க்கவில்லை என்று சொல்லாது. அதனால் மாற்றுவது சரிதான் ஜெயந்தி.

காலண்டர் தாள் இன்னும் மேஜையில் இருக்கிறது. 'மஞ்சள் தட்டிய வெண்மை' என்ற வரிக்குக் கீழே நேற்று எழுதினேன்: பார்த்தவரின் கண்ணில் குறை உள்ளது. இந்தப் பதிவை ஏற்க வேண்டாம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. என் கண்ணில் குறை என்று எழுதுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. கண்ணில் குறை இருந்த மனிதர் அன்று முக்கால் மணி நேரம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். கண் நன்றாக இருந்த நான் எழுதிக் கொடுக்கவே இல்லை.

இதை மலரில் போடுகிறீர்களோ இல்லையோ, ஒரு நகலை அந்தக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். அன்று வெயில் முதுகுப்பக்கம் இருந்தது. இடப்பக்கம், மூன்றாம் வினாடி, செங்காவி. உறுதியாகப் பார்த்தேன்.